நம் பணம் நிற்கும் விலையைக் காட்டும் சார்ட்: கரன்சி வர்த்தகத்துக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அமைப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு டாலர் கணக்குப் பார்க்கிறேன். ஆர்டர் உறுதியாகும் நாளுக்கும் பணம் வங்கிக்கு வந்து சேரும் நாளுக்கும் நடுவே மூன்று மாதம் ஓடிவிடும். அதற்குள் டாலர் ஒரு ரூபாய் இறங்கினால், ஒரு லட்சம் டாலர் பில்லில் ஒரு லட்ச ரூபாய் போய்விடும். அந்த இழப்பைத் தடுக்கத்தான் பியூச்சர்ஸில், அதாவது பின்னொரு மாதத்துக்கான விலையை இன்றே முடிவு செய்யும் சந்தை ஒப்பந்தத்தில், டாலரை முன்கூட்டியே விற்று வைக்கிறோம். சார்ட் மென்பொருள் என் மேசைக்கு வந்தது இந்த வேலைக்காக.

ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைத்த ஒரு டாலர்-ரூபாய் சார்ட்டில், விலை பல தடவை ஏறித் திரும்பிய இடம் ஒன்றைக் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த விலைக்கு 25 லாட் விற்கச் சொல்லி ஆர்டரும் போட்டேன். சார்ட்டில் விலை அந்தக் கோட்டைத் தொடவே இல்லை, ஆனால் ஆர்டர் காலையிலேயே நிறைவேறிவிட்டது. காரணம் எளிமையானது. சார்ட்டில் நான் பார்த்தது ஸ்பாட் எனப்படும் உடனடிப் பரிமாற்ற விலை, விற்றது அடுத்த மாத பியூச்சர்ஸ். இரண்டுக்கும் 20 பைசா வித்தியாசம். மறுநாள் ஸ்பாட் அந்தக் கோட்டுக்கு வந்தபோது பியூச்சர்ஸ் 20 பைசா மேலே நின்றது. ஒரு லாட் என்பது 1,000 டாலர். 25 லாட்டுக்கு 5,000 ரூபாய் கைவிட்டுப் போனது.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் அன்றிலிருந்து சார்ட்டைத் திறந்ததும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: என் பணம் எந்த விலையில் நிற்கிறதோ அதே விலையைத்தான் இந்தப் படம் காட்டுகிறதா? அதே சந்தை, அதே ஒப்பந்தம், அதே கடிகாரமா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் வசதிக்குச் சேர்ப்பது. இவை தவறாக இருந்தால் எவ்வளவு அழகான இண்டிகேட்டரை (விலையிலிருந்து கணக்கிட்டு வரையும் கோடு) ஏற்றினாலும் பயன் இல்லை. கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

முதல் படி: எதில் வர்த்தகம் செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் இது முடிவாக வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் சட்டப்படி கரன்சி வர்த்தகம் செய்யும் இடம் அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தைகள். தேசியப் பங்குச் சந்தையில் டாலர்-ரூபாய் பியூச்சர்ஸ் 2008 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கியது. யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கு ரூபாயோடு 2010-ல் ஒப்பந்தங்கள் வந்தன. ரூபாய் சம்பந்தப்படாத யூரோ-டாலர், பவுண்டு-டாலர், டாலர்-யென் ஜோடிகள் 2018-ல் சேர்ந்தன.

ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 5 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, ரூபாய் ஜோடிகளில் ஈடுபடுபவருக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னது. 10 கோடி டாலர் வரை ஆவணத்தை முன்கூட்டியே காட்டத் தேவையில்லை, ஆனால் அந்த வரவோ செலவோ இருந்தாக வேண்டும். இது 2024 மே 3 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஏற்றுமதி, இறக்குமதி இல்லாமல் விலை ஏற்ற இறக்கத்தில் மட்டும் காசு பார்க்க நினைப்பவருக்கு ரூபாய் ஜோடிகளின் கதவு மூடிவிட்டது.

வெளிநாட்டு புரோக்கரிடம் இணையத்தில் கணக்குத் திறந்து மார்ஜினில் (சிறு முன்பணம் கட்டிப் பெரிய தொகைக்கு) ஸ்பாட் ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) வர்த்தகம் செய்வதை 1999-ன் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இந்தியாவில் வசிப்பவருக்கு அனுமதிப்பதில்லை. அங்கீகாரம் இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் அது அங்கீகாரம் பெற்றது என்று ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சார்ட் மென்பொருளை விளம்பரப்படுத்தும் பல காணொளிகள் கடைசியில் இப்படிப்பட்ட ஒரு தளத்தில் கணக்குத் திறக்கச் சொல்லித்தான் முடிகின்றன. மென்பொருள் வேறு, அதை வைத்து உங்கள் பணத்தை வாங்குபவர் வேறு. சிங்கப்பூர், மலேசியா, லண்டன் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் புரோக்கர் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விலை எங்கிருந்து வருகிறது?

பங்கு என்றால் ஒரு சந்தையில் ஒரு விலை. உலக ஃபாரெக்ஸ் அப்படியில்லை. அதற்கு மையச் சந்தை கிடையாது. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசி முடிக்கின்றன. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் 2022 கணக்குப்படி நாளொன்றுக்கு 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. இதில் உங்கள் சார்ட்டுக்கு வருவது ஏதோ ஒரு புரோக்கரோ தரவு நிறுவனமோ தொகுத்துக் கொடுக்கும் ஒரு துளி. அதனால்தான் ஒரே யூரோ-டாலருக்கு இரண்டு தளங்களில் இரண்டு விதமான உச்சமும் அடியும் தெரிகின்றன.

சாதாரண நாளில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நெருக்கடியில் தெரியும். 2016 அக்டோபர் 7 அன்று, லண்டனில் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில், இங்கே விடிகாலை நாலரை மணிவாக்கில், பவுண்டு டாலருக்கு எதிராகச் சுமார் 9 சதவீதம் விழுந்து உடனே எழுந்தது. அன்று அடிவிலை என்ன என்று கேட்டால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எண்ணைச் சொன்னது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற குறைந்தபட்ச விலையைக் காப்பதைக் கைவிட்டபோதும் இதே கதை. பழைய சார்ட்டில் அந்த நாளைத் திறந்து இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

டாலர்-ரூபாய்க்கு வருவோம். இங்கே குறைந்தது மூன்று விலைகள் ஓடுகின்றன. ஒன்று, உள்நாட்டு வங்கிகளுக்கு இடையிலான ஸ்பாட். இரண்டு, சந்தையின் பியூச்சர்ஸ். மூன்று, சிங்கப்பூர், லண்டன், நியூயார்க்கில் நடக்கும் வெளிநாட்டு ரூபாய் ஒப்பந்தச் சந்தை. நம் சந்தை மாலை 5 மணிக்கு மூடிய பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். காலையில் நம் சார்ட்டில் விழும் இடைவெளிக்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

அதனால் குறியீட்டைத் தட்டச்சு செய்து முதலில் வருவதைத் திறந்துவிடாதீர்கள். டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் டாலர்-ரூபாய் என்று தேடினாலே பல வரிசைகள் வரும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தரவு கொடுப்பவர் பெயர் இருக்கும். பியூச்சர்ஸ் விற்பவருக்கு வேண்டியது சந்தையின் பெயர் போட்டது, அதிலும் நீங்கள் விற்கப்போகும் மாதம். சரிபார்க்க மூன்று சோதனைகள் போதும். புரோக்கரின் ஆர்டர் திரையையும் சார்ட்டையும் பக்கத்தில் வைத்துக் கடைசி விலை ஒத்துப்போகிறதா பாருங்கள். விலை நகரும் வேகம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். சில தளங்கள் பதினைந்து நிமிடம் தாமதமான விலையைக் கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி மட்டும் போட்டிருக்கும். மூன்றாவதாக, நேற்றைய நாள் கேண்டிலின் (ஒரு கால அளவின் விலை நகர்வைக் காட்டும் சிறு கட்டை) தொடக்கம், உச்சம், அடி, முடிவு என்ற நான்கு விலைகளையும் சந்தை வெளியிடும் அன்றாடப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஸ்பாட் ஃபாரெக்ஸ் சார்ட்டில் கீழே தெரியும் வால்யூம் உண்மையான வால்யூம் இல்லை. விலை எத்தனை தடவை மாறியது என்ற எண்ணிக்கைதான் அது. சந்தை பியூச்சர்ஸில் தெரிவது உண்மையில் கைமாறிய லாட்கள். ஆக, வால்யூமை வைத்து முடிவெடுக்கும் முறை எதுவானாலும் பியூச்சர்ஸ் சார்ட்டில் மட்டுமே வையுங்கள்.

மூன்றாம் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

புரோக்கர் செயலிக்குள்ளேயே வரும் சார்ட் முதலாவது. பணம் கட்டத் தேவையில்லை, நீங்கள் ஆர்டர் போடும் அதே விலையில் ஓடும். பல இந்திய புரோக்கர்கள் டிரேடிங்வியூவின் சார்ட்டையே உள்ளே பதித்திருக்கிறார்கள். ஹெட்ஜிங் (இழப்பைத் தடுக்க முன்கூட்டியே விற்று வைப்பது) மட்டும் செய்பவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. குறை என்னவென்றால் பழைய ஒப்பந்தங்களின் வரலாறு அதிகம் கிடைக்காது, அலாரங்களும் ஓரளவுக்குத்தான்.

இரண்டாவது, டிரேடிங்வியூ. உலாவியில் திறக்கலாம், கைபேசியிலும் அதே கோடுகள் வரும். இதில் எனக்குப் பிடித்தது, தேடுபெட்டியில் கணக்குப் போட முடியும் என்பது. எங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர்களில் சிலருக்கு யூரோவில் பில் போடுகிறோம். சந்தையில் யூரோ-ரூபாய் பியூச்சர்ஸில் ஆள் குறைவு, சார்ட்டில் கேண்டிலே விழாத நேரங்கள் உண்டு. அப்போது யூரோ-டாலர் குறியீட்டைத் தட்டி, ஒரு பெருக்கல் குறி போட்டு, டாலர்-ரூபாய் குறியீட்டைத் தட்டினால் யூரோவின் ரூபாய் மதிப்பு சார்ட்டாக வந்துவிடும். அதில் ஆர்டர் போட முடியாது, போக்கைப் பார்க்க மட்டும். ஆனால் அதற்கு அருமையான வசதி. இலவசக் கணக்கில் இண்டிகேட்டர்களும் அலாரங்களும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த வரம்பு எனக்கு இப்போது இடைஞ்சலாக இல்லை. காரணம் ஆறாம் படியில்.

மூன்றாவது, மெட்டாடிரேடர். மெட்டாகுவோட்ஸ் நிறுவனத்தின் நான்காம் பதிப்பு 2005-லும் ஐந்தாம் பதிப்பு 2010-லும் வந்தன. உலக ஸ்பாட் ஃபாரெக்ஸ் வர்த்தகர்கள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். கணினியில் வேகமாக ஓடும், தானியங்கி நிரல் எழுதலாம். நான்காம் பதிப்பில் 9 கால அளவுகள், ஐந்தாம் பதிப்பில் 21. புதிதாகத் தொடங்குபவர் ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடாது என்பதை மறக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ஆப்பிள் இந்த இரண்டு செயலிகளையும் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டு 2023 மார்ச்சில்தான் திரும்பச் சேர்த்தது. கைபேசி ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

எது உங்களுக்கு என்று முடிவு செய்ய அரை மணி நேரச் சோதனை ஒன்று. மூன்றிலும் டெமோவிலோ இலவசக் கணக்கிலோ ஒரே விலைக்கோட்டைப் போடுங்கள், ஓர் அலாரம் வையுங்கள், வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். கோடு அதே இடத்தில் இருக்கிறதா? அலாரம் கைபேசிக்கு வந்ததா? அலுவலக இணையம் துண்டித்து மீண்டும் வந்தபோது இடையில் விடுபட்ட கேண்டில்கள் தானாக நிரம்பினவா? இந்த மூன்றில் தடுமாறும் மென்பொருளை, மற்ற அம்சங்கள் எவ்வளவு இருந்தாலும், நான் எடுக்க மாட்டேன்.

நான்காம் படி: கடிகாரம்

இந்தியா கடிகாரத்தை மாற்றுவதில்லை, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மாற்றுகின்றன. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும். ஆகவே லண்டனின் காலை 8 மணி நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை நமக்கு மாலை 6 மணிக்கோ 7 மணிக்கோ வரும். ரூபாய் ஜோடிகள் 5 மணிக்கே மூடிவிடுவதால், பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில் வரும் அந்த அறிக்கையின் அடி நம் சார்ட்டில் திங்கள் காலை 9 மணிக்கு இடைவெளியாகத்தான் தெரியும்.

டிரேடிங்வியூவில் திரையின் கீழ் வலது மூலையில் ஓடும் நேரத்தைத் தொட்டால் கொல்கத்தா (இந்திய) நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மெட்டாடிரேடரில் அப்படி மாற்ற முடியாது, புரோக்கரின் சர்வர் நேரம்தான் ஓடும். இது வெறும் மணிக்கணக்குப் பிரச்சினை இல்லை, நாள் கேண்டிலின் வடிவமே மாறும். உலக ஃபாரெக்ஸில் நாள் முடிவது நியூயார்க்கின் மாலை 5 மணி. சர்வரின் நள்ளிரவு அந்த நேரத்தோடு பொருந்தினால் வாரத்துக்கு 5 நாள் கேண்டில்கள். சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடினால் ஞாயிறு இரவின் இரண்டு மூன்று மணி நேரம் தனிக் கேண்டிலாக நின்று 6 ஆகிவிடும். அந்தக் குட்டிக் கேண்டில் உங்கள் சராசரிகளை எல்லாம் கெடுக்கும். யூரோ-டாலர் பார்ப்பவர்கள் ஒரு வாரத்தில் எத்தனை நாள் கேண்டில் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நான்கு மணி நேரக் கேண்டில்களும் இப்படித்தான், தளத்துக்குத் தளம் தொடங்கும் மணி வேறு.

நம் சந்தை பியூச்சர்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. காலை 9 முதல் மாலை 5 வரை எட்டு மணி நேரம், ஒரு மணிக் கேண்டில் எட்டு, மிச்சம் இல்லை. ரூபாய் சேராத ஜோடிகளுக்கு இரவு 7.30 வரை.

ஐந்தாம் படி: அளவுகோலும் நிறமும்

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுதும் பார்க்கும் திரை, கண்ணை உறுத்தாத பின்னணி போதும். கட்டக்கோடுகளை அணைத்துவிடுங்கள். பச்சை, சிவப்பு பிரித்துப் பார்க்கச் சிரமப்படுபவர்கள் நீலம், ஆரஞ்சுக்கு மாறிக்கொள்ளலாம்.

அளவுகோல்தான் முக்கியம். எல்லா மென்பொருளும் திரையில் உள்ள உச்சத்தையும் அடியையும் பொறுத்துச் செங்குத்து அளவைத் தானாக மாற்றிக்கொள்ளும். டாலர்-ரூபாய் அமைதியான நாளில் மொத்தமே 10 பைசா நகரும். அந்த 10 பைசா திரையின் மேலிருந்து கீழ்வரை விரிந்து மலையும் பள்ளமுமாகத் தெரியும். பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும், ஏதாவது செய்தே ஆக வேண்டும் போலத் தோன்றும். ஒரு லாட்டுக்கு அது 100 ரூபாய். வலது ஓர விலைப்பட்டையில் தானியங்கியை அணைத்து, எப்போதும் குறைந்தது ஒரு ரூபாய் உயரமாவது தெரியும்படி இழுத்துப் பூட்டி வையுங்கள். நான் செய்த மாற்றங்களிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். தேவையில்லாமல் ஹெட்ஜை நடுவில் எடுத்துவிடும் பழக்கம் அதன்பிறகு நின்றது.

மெட்டாடிரேடரில் ஸ்பாட் பார்ப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்தச் சார்ட் வாங்குபவர் கொடுக்க முன்வரும் விலையில் மட்டும் வரையப்படுகிறது. விற்ற நிலையை மூடும்போது உங்களுக்குக் கிடைப்பது விற்பவர் கேட்கும் விலை. பண்புகள் பெட்டியில் விற்பவர் விலைக் கோட்டையும் காட்டச் சொல்லிக் குறி போடுங்கள். 'சார்ட்டில் விலை தொடவே இல்லை, ஸ்டாப் லாஸ் மட்டும் அடித்துவிட்டது' என்று, நஷ்டத்தை நிறுத்தப் போட்டு வைத்த ஆர்டரைப் பற்றி வரும் புகார்களில் பல இந்த ஒரு கோடு இல்லாததால் வருபவை. நியூயார்க் மூடும் நேரத்தில் அந்த இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி நன்றாக விரியும்.

ஆறாம் படி: எந்தக் கோடுகள் வேண்டும்?

ஒரு காலத்தில் என் திரையில் ஏழு இண்டிகேட்டர் இருந்தன. ஒரு நாள் முதலாளி பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். 'ஏனுங்க, நாம அந்த ஜெர்மனி ஆர்டருக்கு டாலர் என்ன விலைன்னு போட்டு ரேட்டு குடுத்தோமுங்க? அது இதுல எங்க இருக்குதுங்க?' என்று கேட்டார். அது எங்கேயும் இல்லை.

அன்று மாலையே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவர் கேட்ட கோட்டைப் போட்டேன். இப்போதும் என் சார்ட்டில் முதலில் விழுவது அதுதான்: ஆர்டருக்கு விலை கொடுத்தபோது நாங்கள் கணக்கில் எடுத்த டாலர் மதிப்பு. ஒவ்வொரு பெரிய பில்லுக்கும் ஒரு கிடைக்கோடு, கோட்டின் மேல் பில் எண்ணும் பணம் வரவேண்டிய தேதியும். டிரேடிங்வியூவில் ஆல்ட் விசையோடு எச் விசையை அழுத்தினால் கிடைக்கோடு விழும், இரண்டு தடவை தட்டினால் எழுத்துச் சேர்க்கலாம். விலை அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ அதுதான் எங்கள் கூடுதல் லாபம். கீழே போனால் தையல் கூலியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வேறு எந்த இண்டிகேட்டரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அடுத்தது எக்ஸ்பைரி. மாதத்தின் கடைசி வேலைநாளுக்கு இரண்டு வேலைநாள் முன்னதாக டாலர்-ரூபாய் ஒப்பந்தம் மதியத்தோடு முடிகிறது. கணக்குத் தீர்வு அன்று வெளியாகும் மேற்கோள் விலையில்தான் (ரெஃபரன்ஸ் ரேட்), உங்கள் சார்ட்டின் கடைசி கேண்டிலில் இல்லை. அந்த நாள்களில் செங்குத்துக் கோடு போட்டு வையுங்கள்.

சராசரி நாள் நகர்வைக் காட்டும் ஏ.டி.ஆர். என்ற இண்டிகேட்டரை மட்டும் வைத்திருக்கிறேன், 14 நாள் அளவில். டாலர்-ரூபாய் ஒரு நாளில் சராசரி 18 பைசா நகர்கிறது என்று அது சொன்னால், 5 பைசா ஸ்டாப் லாஸ் போடுவதில் அர்த்தமில்லை என்று உடனே தெரியும். ஆனால் இந்த எண் பழைய அமைதியைத்தான் சொல்லும் என்பதை நினைவில் வையுங்கள். டாலர் 83 ரூபாயை முதலில் தொட்டது 2022 அக்டோபரில். 84-ஐத் தாண்ட 2024 அக்டோபர் வரை இரண்டு வருடம் ஆனது. அடுத்த நான்கு மாதத்துக்குள், 2025 பிப்ரவரி தொடக்கத்தில், 87-ஐத் தாண்டிவிட்டது. ரிசர்வ் வங்கி சந்தையில் இறங்கி ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஜோடி இது. அந்தப் பிடி தளரும்போது, அமைதியான நாள்களில் கணித்த அளவுகள் எல்லாம் ஒரே வாரத்தில் பின்தங்கிவிடும்.

நகரும் சராசரி வேண்டுமென்றால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 200 நாள் எக்ஸ்பொனென்ஷியல் சராசரி (புதிய விலைகளுக்கு அதிக எடை தரும் சராசரி) இரண்டு தளங்களில் இரண்டு எண் காட்டினால் பதற வேண்டாம். எத்தனை பழைய கேண்டில்கள் ஏற்றப்பட்டன என்பதைப் பொறுத்து அது மாறும். வரலாற்றை முடிந்தவரை முழுதாக ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அம்புக்குறி இண்டிகேட்டர்களிடம் கவனம். பழைய சார்ட்டில் ஒவ்வொரு உச்சியிலும் விற்கச் சொல்லி அம்பு, ஒவ்வொரு அடியிலும் வாங்கச் சொல்லி அம்பு. பார்க்க அற்புதமாக இருக்கும். பல சமயம் அந்த அம்புகள் பின்னால் வந்த விலையைத் தெரிந்துகொண்டு இடம் மாற்றி வரையப்பட்டவை. மெட்டாடிரேடரோடு வரும் ஜிக்ஜாக் கூட அப்படித்தான், கடைசிக் கோட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். சோதிப்பது எளிது. புதிய அம்பு விழுந்த உடனே திரையைப் படமெடுங்கள், மூன்று நாள் கழித்து அதே இடத்தில் அந்த அம்பு இருக்கிறதா பாருங்கள்.

ஏழாம் படி: மாதங்களை ஒட்டும்போது

பியூச்சர்ஸ் ஒப்பந்தம் மாதந்தோறும் முடிவதால் நீண்ட வரலாறு வேண்டுமென்றால் மாதங்களை ஒட்டி ஒரே தொடராக்கிய சார்ட்டைத் திறக்க வேண்டும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அடுத்த மாத டாலர் வழக்கமாக இந்த மாதத்தைவிட விலை கூடியது, இரு நாட்டு வட்டி வித்தியாசம் காரணமாக. வருடத்துக்கு 2 சதவீதம் என்று வைத்தால், 85 ரூபாய் டாலருக்கு மாதம் சுமார் 14 பைசா. ஒட்டும் நாளில் சார்ட்டில் 14 பைசா மேலே ஓர் இடைவெளி தோன்றும். சந்தையில் எதுவும் நடக்கவில்லை, ஒப்பந்தம் மட்டும் மாறியது. புதியவர்கள் இதை வலுவான ஏற்றம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

டிரேடிங்வியூவில் தொடர் சார்ட்டின் கீழே இந்த இடைவெளியைச் சரிசெய்யும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் பழைய விலைகள் முழுதும் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். போக்கைப் பார்க்க இது நல்லது. ஆனால் அப்போது பழைய விலைகள் உண்மையில் நடந்த விலைகள் இல்லை. '83.50-ல் தடை' என்பது போன்ற கோடுகளை அந்தச் சார்ட்டில் போடாதீர்கள். நான் இரண்டு தாவல் வைத்திருக்கிறேன், போக்குக்குத் தொடர் சார்ட், கோடுகளுக்கு நடப்பு ஒப்பந்தம்.

எட்டாம் படி: அலாரம்

அலாரத்தில் இரண்டு வகை உண்டு. விலை தொட்டவுடன் அடிப்பது ஒன்று, கேண்டில் முடிந்த பிறகே அடிப்பது மற்றொன்று. பில் விலைக் கோட்டுக்குத் தொட்டவுடன் அடிக்கட்டும். சராசரி, இண்டிகேட்டர் சார்ந்தவற்றுக்குக் கேண்டில் முடிவில். இல்லையென்றால் ஒரே மணியில் நாலு தடவை அடித்து நாலும் பொய்யாகும். காலாவதித் தேதி உள்ள அலாரங்களை மாதம் ஒரு முறை புதுப்பியுங்கள். ஒப்பந்தம் மாறியதும் பழைய மாதத்தில் வைத்த அலாரம் செத்துவிடும், அது யாருக்கும் சொல்லாது.

ஒன்பதாம் படி: சேமிப்பும் பாதுகாப்பும்

எல்லாம் அமைந்த பிறகு அதை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். மெட்டாடிரேடரில் 'டீஃபால்ட்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்துச் சேமித்தால், இனித் திறக்கும் ஒவ்வொரு சார்ட்டும் அதே தோற்றத்தில் வரும். டெம்ப்ளேட் கோப்புகளை ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். வெளியாள் எழுதிய நிரலை ஏற்றும்போது மூல நிரல் இல்லாத கோப்பைத் தவிருங்கள். வெளி நூலகங்களை (டி.எல்.எல். என்ற நிரல் கோப்புகள்) அனுமதிக்கும் குறியை எடுத்தே வையுங்கள், அது உங்கள் கணினிக்குள் எதையும் ஓட்ட வழி கொடுத்துவிடும். வர்த்தகக் கடவுச்சொல் இருக்கும் கணினியில் சோதனை நிரல்கள் வேண்டாம்.

கடைசியாக ஒரு பழக்கம். ஆர்டர் நிறைவேறிய நிமிடத்தில் சார்ட்டைப் படமாக எடுத்து, எந்தப் பில்லுக்காக விற்றோமோ அந்தப் பில் கோப்பிலேயே போட்டு வைக்கிறேன். படத்தில் ஒப்பந்தத்தின் மாதமும் நேரமும் பில் விலைக் கோடும் தெரிய வேண்டும். தணிக்கையாளர் கேட்டாலும் புரோக்கர் கேட்டாலும் எந்த வரவுக்காக இந்த விற்பனை என்று அந்த ஒரு தாளே சொல்லிவிடும். மூன்று மாதம் கழித்துப் பணம் வந்த அன்று, வங்கி கொடுத்த விலையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவிடுகிறோம்.